மகளுக்கு ஆன்லைன் முனைவர் பட்டம்: முன்பணம் கட்டுவதற்கு முன்

ஐயா, மகளை இந்தப் படிப்பில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கடிதத்தோடு நீங்கள் இணைத்திருந்த விளம்பரத் தாளை இரண்டு முறை படித்தேன். ‘மனிதநலச் சேவைகளில் முனைவர் பட்டம், குற்றவியல் நீதிச் சிறப்புப் பாடத்துடன், முழுவதும் ஆன்லைனில், வேலையை விடாமலே’ என்று முகப்பில் இருக்கிறது. ‘அங்கீகாரம் பெற்றது’ என்பது நான்கு இடங்களில் வருகிறது. யார் கொடுத்த அங்கீகாரம் என்பது ஓரிடத்திலும் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டினால் கட்டணச் சலுகை என்று முகவர் சொன்னாராம். அந்த வெள்ளிக்கிழமை முதலில் கடந்து போகட்டும். நல்ல படிப்பு எதுவும் நான்கு நாளில் காலாவதியாகாது.

இந்தப் படிப்பே போலி என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் இது உண்மையாக உள்ள ஒரு துறை. சிறையிலிருந்து வெளிவருபவர்களின் மறுவாழ்வு, நன்னடத்தைக் கண்காணிப்பு, பாதிக்கப்பட்டோருக்கான உதவி, போதை மீட்பு ஆகிய பணிகளில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் இருந்தவர்கள், நிர்வாகப் பொறுப்புக்கு நகரும்போது படிப்பது. முறையான பல்கலைக்கழகங்களும் இதை ஆன்லைனில் நடத்துகின்றன. ஆனால் அங்கேயேகூட உளநலச் சிகிச்சை தரும் சமூகப் பணியாளர் உரிமம் வாங்க முதுகலைச் சமூகப்பணிப் பட்டத்தைத்தான் கேட்பார்கள். இந்த முனைவர் பட்டம் அதற்கு ஈடாகாது. முகவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

இனி நம் ஊர்க் கணக்கு. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022-ல் வெளியிட்ட முனைவர் பட்ட விதிகளின்படி, இந்தியப் பல்கலைக்கழகம் எதுவும் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ முனைவர் பட்டம் நடத்தக் கூடாது. அதே ஆண்டு அக்டோபரில், வெளிநாட்டு நிறுவனங்களோடு கைகோத்துக் கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்கள் விற்கும் ஆன்லைன் முனைவர் பட்டங்களுக்கு அங்கீகாரம் இல்லை என்று தனியாக ஓர் எச்சரிக்கையும் வந்தது. உங்கள் மகள் பிற்பாடு ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பித்தால், சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் இந்தத் தாளை வைத்துக்கொண்டு வாதாட முடியாது.

பண விஷயத்தில் இன்னொன்று. இத்தகைய படிப்புகளில் பெரும்பாலும் பருவத்துக்கு இவ்வளவு, அல்லது கிரெடிட்டுக்கு (பாட அலகுக்கு) இவ்வளவு என்றுதான் கட்டணம். பாடங்கள் முடிந்து ஆய்வேடு எழுதத் தொடங்கியபின் நெறியாளர் திருத்தச் சொல்ல, ஆய்வு நெறிமுறைக் குழு திருப்பி அனுப்ப, பருவங்கள் ஓடும். ஒவ்வொரு பருவத்துக்கும் ரசீது வரும். அமெரிக்காவில் ஒரு பெரிய ஆன்லைன் பல்கலைக்கழகம், வணிக நிர்வாக முனைவர் படிப்பில் ஆய்வுக் கட்டத்தைத் தேவையின்றி இழுத்தடித்ததாக மாணவர்கள் தொடுத்த வழக்கை, 2024-ல் 2.85 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொள்ள ஒப்புக்கொண்டது. ஆகவே முகவர் மறுபடி அழைத்தால், ‘மொத்தம் எவ்வளவு?’ என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். ‘சேர்ந்தவர்களில் எத்தனை பேர், எத்தனை ஆண்டுகளில் முடித்தார்கள்?’ என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் வேறு. மகள் எம்.எஸ்.டபிள்யூ. (முதுகலைச் சமூகப்பணி) முடித்து, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பாதுகாப்பு அலுவலராக, ஒப்பந்த அடிப்படையில், தொகுப்பூதியத்தில் ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். வயது 31. ‘பேருக்கு முன்னால் டாக்டர் வந்துவிட்டால் நிரந்தரமாக்கிவிடுவார்கள்’ என்பது உங்கள் நம்பிக்கை. வருத்தப்படாதீர்கள், அப்படி நடக்காது. ஒப்பந்தப் பணியை நிரந்தரமாக்குவது அரசின் கொள்கை முடிவு, பட்டத்தைப் பார்த்து வருவதல்ல. சிறார் மீதான குற்ற வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் நீதித்துறை நடுவரோடு அமரும் இரண்டு சமூகப் பணியாளர்களுக்குக்கூட 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் முனைவர் பட்டம் கேட்கவில்லை. குழந்தைகளுக்கான உடல்நலம், கல்வி, நலப்பணிகளில் ஏழு ஆண்டு ஈடுபாட்டை அல்லது உளவியல், சமூகவியல், சட்டம் போன்ற பட்டத்தோடு தொழில் நடத்துபவரைக் கேட்கிறது. உங்கள் மகளிடம் ஆறு ஆண்டு அனுபவம் ஏற்கெனவே கையில் இருக்கிறது.

அவருக்கு உண்மையிலேயே ஆய்வில் ஆசையா, கற்பிக்க விருப்பமா? அப்படியென்றால் வழி வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நீங்கள் இருப்பது திருநெல்வேலி. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் மற்றும் குற்றவியல் நீதித் துறை இயங்குகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறை உண்டு. முனைவர் பட்டத்துக்குச் சேர முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகச் சேர யுஜிசி விதிகள் இடம் தருகின்றன. குறைந்தது மூன்று ஆண்டு, கூடினால் ஆறு. உதவிப் பேராசிரியர், ஆய்வாளர் தகுதிக்கான தேசியத் தேர்வான நெட்டில் சமூகப்பணியும் குற்றவியலும் தனித்தனிப் பாடங்கள்; எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர் சமூகப்பணியில் எழுதுவதுதான் சுலபம். அதன்வழி ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்து வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகச் சேர்ந்தால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய். பெண்களுக்கு வயது வரம்பில் ஐந்து ஆண்டுத் தளர்வு இருப்பதால் 35 வரை முயலலாம்.

தலைப்புக்கு அவர் அலைய வேண்டாம். வழக்கில் சிக்கிய சிறாரை விசாரணைக் காலத்தில் வைக்கும் கூர்நோக்கு இல்லத்திலிருந்து ஜாமீனில் போன ஒரு பையன் மூன்று மாதத்தில் திரும்பி வருகிறான், இன்னொருவன் வருவதில்லை. ஏன் என்று அவருக்கு ஒரு ஊகம் இருக்கும். அவர் எழுதிய சமூக விசாரணை அறிக்கைகளில் பள்ளியை விட்ட வகுப்பு, அப்பாவின் தொழில், வீட்டில் யார் சம்பாதிப்பது என எல்லாமே இருக்கும். ஆனால் அந்தக் கோப்புகளை அப்படியே ஆய்வேட்டில் அள்ளிப் போட முடியாது. குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்கீழ் ஆறு மாதம் வரை சிறைக்குரிய குற்றம். இளைஞர் நீதிக் குழுமத்திடமும் குழந்தைகள் நலன் மற்றும் சிறப்புச் சேவைகள் துறையிடமும் முன் அனுமதி பெற்று, பெயரும் ஊரும் நீக்கிய பிறகே தரவைத் தொட வேண்டும். நேரில் பேசக்கூடிய நெறியாளர் இதற்குத்தான் தேவை. கடல் தாண்டி இருப்பவருக்குக் கூர்நோக்கு இல்லத்தின் வாசல் எந்தப் பக்கம் என்றே தெரியாது.

நாளை அவர் திருமணமாகி அமெரிக்கா போய், அங்கே இதே துறையில் சில ஆண்டுகள் வேலை பார்த்து, அந்த நிறுவனமே கட்டணத்தில் ஒரு பகுதியைக் கொடுக்கிறது என்றால் ஆன்லைன் படிப்பைத் தாராளமாக யோசிக்கலாம். இப்போது, உங்கள் ஓய்வுக்காலப் பணத்தை எடுத்துச் செய்கிற காரியமல்ல அது.

இந்த வாரம் மகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பகுதிநேரச் சேர்க்கைக்கு அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். ஆராய்ச்சிக்குப் போதிய நேரம் கிடைக்கும் என்பதும், தேவைப்பட்டால் பாடப்பணிக்கு விடுவிப்போம் என்பதும் அதில் இருக்க வேண்டும். பல அலுவலகங்களில் ‘ஆட்சேபணை இல்லை’ என்று ஒற்றை வரி எழுதி முத்திரை வைத்துக் கொடுத்துவிடுவார்கள். பல்கலைக்கழகம் அதைத் திருப்பி அனுப்பும். ஆகவே வாசகத்தை அவரே தட்டச்சு செய்து எடுத்துப்போய்க் கையெழுத்துக்கு வைக்கட்டும். ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரத்தில் இதைக் கேட்க வேண்டாம். அதற்கு முன்பே வாங்கிவிடச் சொல்லுங்கள்.