கேள்வி பதில்: பாதி பீரங்கி, பூஜ்ஜியம் விமானம்

கே: முதல் உலகப் போர் பற்றிப் படிக்கும்போது ஜெர்மன் படையில் '4-வது ரிசர்வ் கோர்', '26-வது ரிசர்வ் கோர்' என்று வருகிறது. ரிசர்வ் என்றால் அவசரத்துக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருப்பவர்கள்தானே? பிறகு எப்படி எல்லாச் சண்டையிலும் முன்னால் நிற்கிறார்கள்?
– கல்லூரி மாணவி, கும்பகோணம்

ப: நீங்கள் நினைத்ததைத்தான் 1914-ல் பிரெஞ்சுத் தலைமையகமும் நினைத்தது. உங்களுக்குத் தபால் செலவோடு போயிற்று. அவர்களுக்கு வட பிரான்ஸே போயிற்று.

அன்றைய ஜெர்மனியில் உடல் தகுதியுள்ள இளைஞன் 20 வயதில் பட்டாளத்துக்குப் போவான். காலாட்படை என்றால் 2 வருடம், குதிரைப்படை என்றால் 3. அது முடிந்து வீட்டுக்குப் போய் பேக்கரி வைக்கலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம். ஆனால் காலாள் என்றால் அடுத்த 5 வருடம் அவன் ரிசர்விஸ்ட். அதற்குப் பிறகு லாண்ட்வேர், கடைசியாக லாண்ட்ஸ்டுர்ம் என்று 45 வயது வரை பெயர் பட்டியலில் இருக்கும். போர் வந்ததும் இவர்களில் ஒரு பகுதியை ரெகுலர் ரெஜிமெண்டுகளை நிரப்ப அனுப்பினார்கள். மீதிப் பேரைத் தனி டிவிஷன்களாக, அதாவது பல ரெஜிமெண்டுகள் சேர்ந்த பெரும் பிரிவுகளாகத் திரட்டினார்கள். அப்படி இரண்டு டிவிஷன் சேர்ந்தால் ஒரு ரிசர்வ் கோர். பல கோர் சேர்ந்தால் ஒரு ஆர்மி. 1914 ஆகஸ்டில் ஜெர்மனியிடம் ரெகுலர் கோர் 25, ரிசர்வ் கோர் 14.

இந்தக் குடும்பஸ்தர்களைக் கோட்டைக் காவலுக்கும் ரயில் பாதைக் காவலுக்கும்தான் வைப்பார்கள் என்று பிரெஞ்சுக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்குப்படி, பெல்ஜியத்துக்குள் அவ்வளவு அகலமாக வளைத்து வர ஜெர்மனியிடம் ஆள் கிடையாது. ஜெர்மானியர்களோ ரிசர்வ் கோர்களையும் முதல் நாளே முன்வரிசையில் இறக்கிவிட்டார்கள். வலது கோடியில் வந்த முதலாம் ஆர்மியின் 6 கோர்களில் 2 ரிசர்வ்.

ஆனால் சாமான் கொடுப்பதில் ஓரவஞ்சனை உண்டு. ரெகுலர் கோருக்கு 160 பீரங்கி. அதில் 16 கனரக ஹோவிட்சர், அதாவது குண்டை உயர வளைத்துச் சுடும் ரகம். ரிசர்வ் கோருக்கு 72, அத்தனையும் சாதாரண 7.7 செ.மீ. ரகம். ரெகுலர் கோருக்கு வேவு பார்க்க 6 விமானம். ரிசர்வ் கோருக்கு ஒன்றுகூடக் கிடையாது.

கே: விமானம் இல்லாதது அவ்வளவு பெரிய விஷயமா? 1914-ல் விமானமே விளையாட்டுப் பொருள் மாதிரிதானே இருந்தது?
– ஓய்வுபெற்ற விமானப்படை ஊழியர், தாம்பரம்

ப: நீங்களே இப்படிக் கேட்கலாமா ஐயா? 1914 செப்டம்பர் 5, சனிக்கிழமைக்குப் போவோம்.

இடம், பாரிஸுக்குக் கிழக்கே மோ நகரத்தின் வடக்குப் பக்கம். ஜெனரல் க்ளுக் தன் முதலாம் ஆர்மியில் பெரும்பகுதியை ஓட்டிக்கொண்டு மார்ன் நதியைத் தாண்டித் தெற்கே போய்விட்டார். பாரிஸ் பக்கமிருந்து யாராவது வந்தால் பார்த்துக்கொள்ள அவர் விட்டுப்போனது 4-வது ரிசர்வ் கோரை மட்டும். அதிலும் ஒரு பிரிகேடை (டிவிஷனில் பாதி) ஏற்கெனவே பிரஸ்ஸல்ஸ் காவலுக்கு எடுத்துவிட்டார்கள். துணைக்கு, அடிபட்டு இளைத்துப்போன ஒரு குதிரைப்படை டிவிஷன். தளபதி ஹான்ஸ் ஃபான் க்ரோனாவ், 63 வயது, பீரங்கிப் படைக்காரர். ஓய்வுபெற்று வீட்டில் இருந்தவரைப் போருக்காகத் திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள்.

மேற்கே மேடுகளுக்கு அந்தப் பக்கம் எதிரிக் குதிரைகள் தலைகாட்டுவதாகத் தகவல் வருகிறது. பின்னால் பெரிய படை வருகிறதா, வெறும் ரோந்தா? மேலே ஒரு விமானம் போனால் அரை மணியில் தெரிந்துவிடும். விமானங்கள் எல்லாம் க்ளுக்கின் ரெகுலர் கோர்களோடு மார்னுக்குத் தெற்கே போய்விட்டன. தெரிந்துகொள்ள ஒரே வழி, போய் இடித்துப் பார்ப்பது. தாக்குவதைத் தவிர வேறு வழியில்லை என்று தன் தலைமை ஸ்டாஃப் அதிகாரியிடம் சொல்லிவிட்டு இறங்கினார் கிழவர்.

நண்பகல் தாண்டியதும் மோந்தியோன் மேட்டிலிருந்து அவருடைய பீரங்கிகள் சுட ஆரம்பித்தன. எதிரே வந்தது ஜெனரல் மோனூரியின் பிரெஞ்சு ஆறாம் ஆர்மி! மறுநாள் மார்ன் நெடுகத் தொடங்கவிருந்த எதிர்த்தாக்குதலுக்காகச் சத்தமில்லாமல் நகர்ந்து வந்துகொண்டிருந்தது. சாயங்காலம் வரை சண்டை. இதில் எனக்கு எப்போதும் உறுத்துவது ஒன்று உண்டு. வில்ருவா கிராமத்துப் பக்கம் வயலில் நடந்து வந்து சுடுபட்ட பிரெஞ்சுக்காரர்களும் ரிசர்விஸ்டுகள்தான். கவிஞர் ஷார்ல் பெகி அன்று அங்கேதான் செத்தார், 276-வது ரெஜிமெண்ட் லெப்டினன்டாக, 41 வயதில்.

எதிரே நிற்பது ஒரு முழு ஆர்மி என்று புரிந்ததும் க்ரோனாவ் வீம்பு பிடிக்கவில்லை. இருட்டியதும் சுமார் 10 கி.மீ. பின்வாங்கி, தெரூவான் ஓடைக்குப் பின்னால் நின்றுகொண்டு க்ளுக்குக்குச் சேதி அனுப்பினார். ராத்திரியோடு ராத்திரியாக 2-வது கோர் திரும்பி நடந்தது. அடுத்தடுத்து மற்ற கோர்களும் வந்தன. முதலாம் ஆர்மி முதுகில் குத்து வாங்காமல் தப்பித்தது.

இப்படி எல்லோரையும் வடக்கே இழுத்ததில் முதலாம், இரண்டாம் ஆர்மிகளுக்கு நடுவே சுமார் 50 கி.மீ. இடைவெளி விழுந்தது. அதற்குள் பிரிட்டிஷ்காரர்கள் நுழைந்தார்கள். செப்டம்பர் 9-ம் தேதி ஜெர்மானியர் பின்வாங்கினார்கள். ஆக, மார்னில் தோற்றதற்கே க்ரோனாவ்தான் காரணம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டாம் ஆர்மிக்குப் பின்னால் வந்து பக்கவாட்டைக் காத்துக்கொள் என்று மேலிடம் சொன்ன பிறகும் மார்னைத் தாண்டியது க்ளுக். பக்கவாட்டுக் காவலுக்குக் கண்ணில்லாத ஒரு கோரை நிறுத்தியதும் அவரே.

இதே க்ரோனாவின் மகன் வோல்ஃப்காங் பிற்பாடு பேர்போன கடல்விமானி ஆனார். 1932-ல் டோர்னியர் விமானத்தில் உலகத்தையே சுற்றி வந்தார். அப்பாவுக்கு அன்று ஒரு மணி நேரத்துக்கு ஒரு விமானம் கிடைத்திருந்தால்!

கே: பாரிஸ் டாக்சிகள்தான் அந்த மார்ன் சண்டையை வென்றனவாமே?
– ஆட்டோ ஓட்டுநர், மதுரை

ப: தொழில் பாசம் புரிகிறது. சுமார் 600 டாக்சிகள் சில ஆயிரம் வீரர்களை ராத்திரியில் ஏற்றிச் சென்றது நிஜம். ஜெயித்தது டாக்சி அல்ல. மீட்டர் ஓடியது, கட்டணத்தை அரசாங்கம் கொடுத்தது என்பதும் நிஜம்.

கே: பெல்ஜியத்தின் லாங்கமார்க்கில் ஜெர்மன் மாணவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டே இயந்திரத் துப்பாக்கிகளை நோக்கிப் போனது உண்மையா?
– வாசகர், யாழ்ப்பாணம்

ப: அது 1914 நவம்பர் 11-ம் தேதி ராணுவ அறிக்கை சொன்ன கதை. சண்டை நடந்தது பிக்ஸ்கோட் கிராமத்துப் பக்கம். லாங்கமார்க் என்ற பெயர் ஜெர்மன் காதுக்குக் கம்பீரமாக ஒலித்ததால் அதைப் போட்டுக்கொண்டார்கள் என்பார்கள்.

பெல்ஜியத்துக்கு வந்தவை போர் தொடங்கிய பிறகு புதிதாகத் திரட்டிய 22, 23, 26, 27-வது ரிசர்வ் கோர்கள். தொண்டர்களாகச் சேர்ந்தவர்கள் நிறைய. மாணவர்கள் இருந்தார்கள், ஆனால் சிறுபான்மை. கடைப் பையன்கள், தொழிலாளிகள், வயதான லாண்ட்வேர்காரர்கள் எல்லாம் கலந்த கூட்டம். பயிற்சி ஏறக்குறைய 2 மாதம். அதிகாரிகள் பலர் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தவர்கள். எதிரே பிரிட்டனின் தொழில்முறைச் சிப்பாய்கள். விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. இன்று லாங்கமார்க் ஜெர்மன் மயானத்தில் 44,000-க்கு மேற்பட்டவர்கள் கிடக்கிறார்கள். அதில் ஒரே பொதுக்குழியில் சுமார் 25,000 பேர்.

பாவம் என்று முழுக்க உருகிவிடவும் வேண்டாம். இதே 23, 26-வது ரிசர்வ் கோர்களின் பகுதியிலிருந்துதான் 1915 ஏப்ரல் 22 அன்று குளோரின் வாயுவைத் திறந்துவிட்டார்கள். நாலு நாள் கழித்து அங்கே எதிர்த்தாக்குதலுக்கு அனுப்பப்பட்டது நம் இந்திய ராணுவத்தின் லாகூர் டிவிஷன். ஜமாதார் மீர் தஸ்த் விக்டோரியா கிராஸ் வாங்கியது அன்றுதான்.

கே: ஹிட்லரும் ரிசர்வ் படைதானே?
– பெயர் போடவில்லை

ப: எதைப் பற்றி எழுதினாலும் அந்த ஆள் வந்துவிடுகிறார். ஆமாம், பவேரிய 16-வது ரிசர்வ் ரெஜிமெண்ட். 6-வது பவேரிய ரிசர்வ் டிவிஷனைச் சேர்ந்தது. மேலே சொன்ன நாலு கோர்களில் எதிலும் இல்லை.

கே: இரண்டாம் உலகப் போரிலும் ரிசர்வ் கோர்கள் இருந்தனவா?
– வங்கி ஊழியர், திருநெல்வேலி

ப: பெயர் இருந்தது, வேலை வேறு. 1942 இலையுதிர் காலத்தில் உள்நாட்டுப் பயிற்சிப் பிரிவுகளை ஆக்கிரமித்த நாடுகளுக்குக் கிளப்பி, அவற்றுக்கு ரிசர்வ் டிவிஷன் என்று பெயர் வைத்தார்கள். புதுப் பையன்கள் பயிற்சியும் எடுப்பார்கள், ஊர்க்காவலும் பார்ப்பார்கள். ஒரே சம்பளத்தில் இரண்டு வேலை. 1914-ன் ரிசர்விஸ்ட் பயிற்சி முடித்து வருடக்கணக்கானவன். 1943-ன் ரிசர்வ் சிப்பாய் பயிற்சியே முடிக்காதவன். 1944 ஜூலையில் பிரெஞ்சு மலைப்பகுதியான வெர்கோரில் எதிர்ப்புப் படையினரையும் கிராமத்து மக்களையும் வேட்டையாடியதில் முன்னின்றது 157-வது ரிசர்வ் டிவிஷன்.

இந்த டிவிஷன்களை மேய்க்க வைத்தவைதான் ரிசர்வ் கோர்கள். 62-வது ரிசர்வ் கோர், தென் பிரான்ஸில் த்ராகினியான் ஊரில் ஆபீஸ் போட்டிருந்தது. 1944-ல் பெயரிலிருந்து 'ரிசர்வ்' என்பதை எடுத்துவிட்டு, சண்டைக் கோர் என்று கணக்கில் ஏற்றினார்கள். ஆகஸ்ட் 15-ம் தேதி நேச நாட்டுப் படைகள் அந்தக் கடற்கரையில் இறங்கின. பாராசூட் வீரர்கள் உள்ளே குதித்து ஊரைச் சூழ்ந்தார்கள். சில நாளிலேயே கோர் தளபதி நொய்லிங் கைதாகிவிட்டார்.