பெரிய சனி ராத்திரி இருட்டு

அன்புள்ள அக்கா,
ஈஸ்டருக்கு பிள்ளைங்களோட தூத்துக்குடி பக்கம் அம்மா ஊருக்குப் போயிருந்தோம். பெரிய வியாழன் பாதம் கழுவுறது, அப்புறம் நடுராத்திரி வரைக்கும் ஆராதனை, வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை, சாயங்காலம் சிலுவை முத்தி, சனி ராத்திரி 11 மணிக்கு பூசை, ஞாயிறு காலைல திரும்பவும் பூசை, சாயங்காலம் விளையாட்டுப் போட்டி. மைக் சத்தம் வேற. சனி ராத்திரி முதல் வாசகத்துலயே ரெண்டு பிள்ளைங்களும் தூங்கிட்டாங்க. தூக்கத்தைக் கெடுத்துக் கூட்டிட்டுப் போய் என்ன பலன்? ஞாயிறு காலைப் பூசை மட்டும் போதாதா?
– ஒரு வாசகி, சென்னை

அன்புள்ள தங்கச்சி,

போதும். ஞாயிறு பூசை கண்டா கடமை முடிஞ்சது. மைக் சத்தத்தை பங்குச்சாமிகிட்ட சொல்லுங்க. விளையாட்டுப் போட்டி இளவட்டங்க ஆசை, அதை விடுங்க.

ஆனா "என்ன பலன்"னு கேட்டீங்க பாருங்க, அதுல எனக்கு கோவம் வந்துச்சு. இந்த வருசம் எங்க கோயில்ல லைட்டெல்லாம் அணைச்சு, வெளியில புதுநெருப்பு மூட்டி, பாஸ்கா திரியில, அதான் உயிர்த்த ஆண்டவருக்கு அடையாளமான பெரிய மெழுகுதிரியில, சிலுவையும் முதலெழுத்து அகரமும் கடைசியெழுத்து னகரமும் வருசத்து நாலு எண்ணும் கீறி, சாமியார் அதைத் தூக்கிட்டு உள்ள வர்றாரு, பாதி சனம் போன் வெளிச்சத்துல வீடியோ எடுத்துட்டு நிக்குது. அன்னைலருந்து இதேதான் மனசுல ஓடிட்டிருக்கு. அந்த ஒரு திரியிலருந்து கைக்குக் கை வெளிச்சம் பரவுறதைப் பாக்கணும்னா முதல்ல இருட்டு வேணும் இல்லியா?

எங்க பாட்டி சின்னப்பிள்ளையா இருந்தப்ப இந்தப் பூசை சனிக்கிழமை காலைல, லத்தீன்ல. "வெயில்ல திரி ஏத்துனா யாரு கண்ணுக்குடி தெரியும்"னு சொல்லுவா. 1951ல பன்னிரண்டாம் பயஸ் பாப்பரசர்தான் ராத்திரியில நடத்திப் பாக்க அனுமதி கொடுத்தாரு, 1956லருந்து எல்லா இடத்துலயும் ராத்திரிக்கே மாறிடுச்சு. பாட்டிக்கு கல்யாணமாகி பிள்ளை பிறந்த பிறகுதான் அந்த இருட்டையே பாத்திருக்கா. இருட்டுனதுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்கணும், ஞாயிறு விடியறதுக்குள்ள முடிக்கணும், இன்னைக்கும் சட்டம் அதுதான். வசதிக்காக வெளிச்சம் இருக்கும்போதே ஆரம்பிக்கிறவங்க மேல எனக்கு வருத்தம் உண்டு, யாரா இருந்தாலும் சொல்லுவேன்.

பிள்ளைங்க தூங்கட்டுமே! பழைய ஏற்பாட்டுல மட்டும் ஏழு வாசகம், நேரமில்லன்னா மூணாக் குறைக்கலாம், மோசே சனத்தைச் செங்கடல் தாண்டிக் கூட்டிட்டுப் போன வாசகத்தை மட்டும் விடவே கூடாது. அந்த ராத்திரி கடலைக் கடந்த தாய்மாருங்க தோள்லயும் எத்தனை பிள்ளைங்க தூங்கியிருக்கும், அதுங்களும் அக்கரை சேந்துச்சுங்கதானே.

அம்மா பழைய சேலையை விரிச்சுப் படுக்க வைப்பாங்க. பத்து வயசு வரைக்கும் நான் ஒரு வாசகம் கேட்டதில்ல. வியாழக்கிழமை பூசையில ஆண்டவரைப் புகழ்ந்து பாடுற உன்னதப் பாட்டோட நின்ன மணியெல்லாம் சனி ராத்திரி அதே பாட்டுக்கு ஒண்ணா அடிக்கும், லைட்டு பூரா எரியும், திரை விழுந்து உயிர்த்த ஆண்டவர் சுரூபம் தெரியும். அம்மா தோளைப் பிடிச்சு உலுக்கி "எந்திரிடி, ஆண்டவர் உயிர்த்துட்டாரு"ன்னுவாங்க. அம்மா போய் ஒன்பது வருசம் ஆச்சு தங்கச்சி, உன்னதப் பாட்டு ஆரம்பிச்சா இப்பவும் என் தோள்ல அந்தக் கை இருக்கு.

அடுத்த வருசம் ஒரு பாய் எடுத்துட்டுப் போங்க. வாசகத்துக்கு எழுப்பாதீங்க, மணி அடிக்கும்போது நீங்களே எழுப்புங்க. திரியை பெரிய பிள்ளை கையில கொடுங்க, மெழுகு கையில சொட்டாம இருக்க ஒரு அட்டையில ஓட்டை போட்டுச் சொருகிக் கொடுங்க.