ஆக்டிவ் டைரக்டரியில் உள்ள ஆதென்டிகேஷன் பாலிசிகளை பவர்ஷெல்லில் எடுப்பது எப்படி?

கேள்வி இது: பழைய அட்மின் விட்டுப்போன டொமைன். அதில் ஆதென்டிகேஷன் பாலிசி போட்டிருப்பதாகச் சொல்கிறார்கள். கட்டளையை ஓட்டினால் ஃபில்டர் கேட்டு நிற்கிறது, அல்லது எதுவும் வராமல் ப்ராம்ப்ட் திரும்பிவிடுகிறது. என்னென்ன பாலிசி இருக்கிறது, யார் மேல் இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

பட்டியல் எடுக்க ஒரே ஒரு வரி போதும். ஆனால் அந்தப் பட்டியலை மட்டும் பார்த்து 'இந்த அக்கவுண்ட் பாதுகாப்பாக இருக்கிறது' என்று முடிவுகட்டினால் தவறாகப் போகும். அதனால் அந்த வரியைச் சுருக்கமாகவும், அதன் பிறகு பார்க்க வேண்டியதை விரிவாகவும் எழுதுகிறேன். கட்டளைப் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். கன்சோலில் அதே பெயரை ஆங்கில எழுத்தில், நடுவில் இடைவெளி விடாமல் தட்டுங்கள்.

முதலில், நீங்கள் தேடுவது இதுதானா என்று பாருங்கள். பாஸ்வேர்டு நீளம், லாக்கவுட் போன்றவை இந்தப் பாலிசியில் கிடையாது. அவற்றுக்கு கெட்-ஏடிடிஃபால்ட்டொமைன்பாஸ்வேர்டுபாலிசி, கெட்-ஏடிஃபைன்கிரெய்ன்டுபாஸ்வேர்டுபாலிசி என்று வேறு கட்டளைகள் இருக்கின்றன. 'ஏடி' என்ற இரண்டெழுத்து இல்லாமல் கெட்-ஆதென்டிகேஷன்பாலிசி என்று ஒன்றும் உண்டு. அது எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் பேசிக் ஆதென்டிகேஷனைத் தடுக்கப் பயன்படுவது. கூகுளில் தேடும்போது இரண்டும் கலந்துதான் வரும். நாம் பேசுவது விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-வில் வந்த கெர்பரோஸ் (டொமைனில் டிக்கெட் கொடுத்து அடையாளத்தைச் சரிபார்க்கும் முறை) கட்டுப்பாடு. ஒரு அக்கவுண்ட்டின் டிஜிடி டிக்கெட் (லாகின் ஆனதும் கிடைக்கும், மற்ற டிக்கெட்டுகளை வாங்க உதவும் முதல் டிக்கெட்) எத்தனை நிமிடம் செல்லும், அந்த அக்கவுண்ட் எந்த மெஷினிலிருந்து லாகின் ஆகலாம், எந்தச் சர்வீஸுக்கு யார் டிக்கெட் வாங்கலாம் என்பவற்றை இது தீர்மானிக்கிறது.

இனி அந்த ஒரு வரி:

கெட்-ஏடிஆதென்டிகேஷன்பாலிசி -ஃபில்டர் * | ஃபார்மட்-டேபிள் நேம், என்ஃபோர்ஸ், யூசர்டிஜிடிலைஃப்டைம்மின்ஸ் -ஆட்டோசைஸ்

ஃபில்டர், எல்டாப்ஃபில்டர், ஐடென்டிட்டி ஆகிய மூன்றில் ஒன்றைக் கொடுத்தே ஆக வேண்டும். எதுவும் கொடுக்காவிட்டால் கட்டளை ஃபில்டர் கேட்டு நிற்கும். உங்களுக்கு நடந்தது இதுதான். நட்சத்திரக் குறியை அங்கேயே தட்டினாலும் வேலை நடக்கும்.

எதுவும் வராமல் திரும்பினால் பெரும்பாலும் பாலிசியே இல்லை என்றுதான் அர்த்தம். டொமைன் அமைக்கும்போது தானாக எந்தப் பாலிசியும் உருவாவதில்லை. ஒரு நுணுக்கம்: ஃபில்டருக்குப் பொருந்துவது எதுவும் இல்லையென்றால் கட்டளை சத்தமில்லாமல் முடிந்துவிடும். ஐடென்டிட்டியில் தவறான பெயர் கொடுத்தால்தான் சிவப்பில் பிழை காட்டும். அந்தப் பிழையை எரர்ஆக்‌ஷன் சைலன்ட்லிகன்டினியூ போட்டு அடக்க முடியாது, ட்ரை-கேட்ச் வைத்துத்தான் பிடிக்க வேண்டும். ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் 'பாலிசி இல்லை', 'சர்வரை எட்ட முடியவில்லை' இரண்டையும் ஒரே கேட்ச்சில் போட்டுக் குழப்பிக்கொள்வது அதிகம். பிழையின் வகையைப் பார்த்துப் பிரித்துவிடுங்கள்.

என்ஃபோர்ஸ் ஆனதை, அதாவது பதிவு மட்டும் செய்யாமல் உண்மையிலேயே தடுப்பதை, மட்டும் எடுக்க: -ஃபில்டர் 'என்ஃபோர்ஸ் -ஈக்யூ $ட்ரூ'. இங்கே ஒற்றை மேற்கோள் முக்கியம். இரட்டை மேற்கோள் போட்டால் பவர்ஷெல் அந்த $ட்ரூவை முன்கூட்டியே வெறும் சொல்லாக மாற்றித்தான் ஃபில்டரிடம் தரும்.

கட்டளையே அடையாளம் தெரியவில்லை என்றால் ஆக்டிவ் டைரக்டரி மாட்யூல் இல்லை என்று பொருள். சர்வரில் இன்ஸ்டால்-விண்டோஸ்ஃபீச்சர் கொடுத்து ஆர்சாட்-ஏடி-பவர்ஷெல்லைப் போடுங்கள் (ஆர்சாட் என்பது சர்வரைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் கருவித் தொகுப்பு). விண்டோஸ் 10, 11-ல் செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய் ஆர்சாட் பட்டியலில் ஆக்டிவ் டைரக்டரிக் கருவிகளைச் சேர்த்தால் போதும். மாட்யூல் இருந்தும் 'டிஃபால்ட் சர்வரைக் காணவில்லை' என்று வந்தால் 9389 போர்ட்டைப் பாருங்கள். இந்த மாட்யூல் எல்டாப்பின் 389 வழியாகப் போவதில்லை, டொமைன் கன்ட்ரோலரில் ஓடும் ஆக்டிவ் டைரக்டரி வெப் சர்வீஸோடு டிசிபி 9389-ல்தான் பேசுகிறது. ஃபயர்வாலில் 389-ஐத் திறந்துவிட்டு இதை மறந்தவர்களுக்கு வரும் பிழை இது. வாசிக்க மட்டும் டொமைன் அட்மின் உரிமை தேவையில்லை. யாராவது அனுமதியை மாற்றி வைக்காதவரை சாதாரண டொமைன் யூசரே படிக்கலாம்.

பாலிசிகள் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்பது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். அவை டொமைன் பார்ட்டிஷனில் இல்லை. கான்ஃபிகரேஷன் பார்ட்டிஷனில், சர்வீசஸ் என்பதற்குக் கீழே 'ஆத்என் பாலிசி கான்ஃபிகரேஷன்' என்ற கன்டெய்னர் இருக்கிறது. அதற்குள் 'ஆத்என் பாலிசீஸ்', 'ஆத்என் சைலோஸ்' என்று இரண்டு. சைலோ என்பது யூசர், கம்ப்யூட்டர், சர்வீஸ் அக்கவுண்ட்டுகளை ஒன்றாகச் சேர்த்து அவற்றுக்குப் பாலிசி போடும் தொகுப்பு. கான்ஃபிகரேஷன் பார்ட்டிஷன் ஃபாரஸ்ட் (ஒன்றாக இணைந்த டொமைன்களின் தொகுப்பு) முழுவதற்கும் பொது. ஆகவே எந்த டொமைனின் கன்ட்ரோலரிடம் கேட்டாலும் ஒரே பட்டியல்தான் வரும், ரெப்ளிகேஷன் நடந்து முடிந்திருந்தால். இப்போதுதான் உருவாக்கிய பாலிசி தெரியவில்லை என்றால், உருவாக்கிய அதே கன்ட்ரோலரை -சர்வர் என்று குறிப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள். ஆனால் பாலிசி பொருத்தப்பட்ட அக்கவுண்ட்டுகள் அந்தந்த டொமைனில்தான் இருக்கின்றன. அவற்றை எடுக்கும்போது ஒவ்வொரு டொமைனாகச் சுற்றி வர வேண்டியிருக்கும்.

இனி ஒரு பாலிசியைப் பிரித்துப் படிப்போம் ('டி0-அட்மின்' என்ற இடத்தில் உங்கள் பாலிசியின் பெயரைப் போடுங்கள்):

கெட்-ஏடிஆதென்டிகேஷன்பாலிசி -ஐடென்டிட்டி 'டி0-அட்மின்' -ப்ராப்பர்ட்டீஸ் * | ஃபார்மட்-லிஸ்ட்

யூசர்டிஜிடிலைஃப்டைம்மின்ஸ் நிமிடக் கணக்கில் இருக்கும். குறைந்தபட்சம் 45. காலியாக இருந்தால் இந்தப் பாலிசி டிக்கெட் ஆயுளைத் தொடவில்லை, வழக்கமான விதியே நடக்கும் என்று பொருள். வழக்கம் என்பது டிஃபால்ட்டாக 10 மணி நேரம், ப்ரொடெக்டட் யூசர்ஸ் குழுவில் இருப்பவர்களுக்கு 4 மணி நேரம். இதே மதிப்பை ஏடிஎஸ்ஐ எடிட்டில் பார்த்தால் பயமுறுத்தும்: 120 நிமிடம் அங்கே 72000000000 என்று நிற்கும். ஒரு வினாடியை ஒரு கோடியாகப் பிரித்த அலகில் சேமிக்கப்படுவதுதான் காரணம். கட்டளை அதை நிமிடமாக்கிக் கொடுத்துவிடுகிறது.

சர்வீஸ் என்று தொடங்கும் ப்ராப்பர்ட்டிகள் மேனேஜ்டு சர்வீஸ் அக்கவுண்ட்டுகளுக்கு மட்டும்தான். எஸ்க்யூஎல் சர்வீஸை ஓட்ட யாரோ ஒரு சாதாரண யூசர் அக்கவுண்ட்டை உருவாக்கி வைத்திருந்தால், அது யூசர் பக்கத்து விதிகளுக்குத்தான் கட்டுப்படும். பெயரில் 'எஸ்விசி' என்று இருப்பதால் எதுவும் மாறாது.

அதிகம் குழப்புவது யூசர்அலவுட்டுஆதென்டிகேட்ஃப்ரம். இது எஸ்டிடிஎல் (விண்டோஸில் அனுமதி விதிகளை எழுதும் முறை) வடிவத்தில், அடைப்புக்குறியும் அரைப்புள்ளியுமாக நீளும் ஒரு சரம். கடைசிப் பகுதியைப் பாருங்கள்: பெரும்பாலும் ஆதென்டிகேஷன்சைலோ என்ற சொல்லும், சமக்குறிகளும், மேற்கோளுக்குள் ஒரு சைலோவின் பெயரும் இருக்கும். அதற்கு முன்னால் @யூசர் என்று எழுதியிருப்பதைப் பார்த்து 'இந்த சைலோவைச் சேர்ந்த யூசர் லாகின் ஆகலாம்' என்று படித்தால் தலைகீழாகிவிடும். 'எங்கிருந்து' என்ற விதியைச் சோதிக்கும்போது கன்ட்ரோலர் பார்ப்பது லாகின் நடக்கும் கம்ப்யூட்டரின் அடையாளத்தை. அதாவது இங்கே 'யூசர்' என்பது மெஷின். அந்த மெஷின் சைலோவில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அட்மினை சைலோவில் சேர்த்துவிட்டு அவருடைய ஒர்க்ஸ்டேஷனைச் சேர்க்காமல் விட்டால், அட்மின் வெளியே நிற்பது இதனால்தான்.

சரத்தைக் கண்ணால் படிக்கச் சிரமமாக இருந்தால் ஷோ-ஏடிஆதென்டிகேஷன்பாலிசிஎக்ஸ்ப்ரெஷன் என்ற கட்டளைக்குக் கொடுங்கள். நிபந்தனைகளைக் காட்டும் எடிட்டர் விண்டோ திறக்கும். இந்த நிபந்தனைகள் வேலை செய்ய கெர்பரோஸ் ஆர்மரிங் (கெர்பரோஸ் செய்திகளைப் பாதுகாப்பான உறைக்குள் அனுப்பும் வசதி) தேவை. குரூப் பாலிசியில் கன்ட்ரோலர் பக்கமும் க்ளையன்ட் பக்கமும் அது இயக்கப்பட்டிருக்க வேண்டும், டொமைன் ஃபங்ஷனல் லெவல் 2012 ஆர்2 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். கெட்-ஏடிடொமைன் கொடுத்து டொமைன்மோடைப் பார்த்துக்கொள்ளுங்கள். இப்படி மெஷின் கட்டுப்பாடு போட்ட அக்கவுண்ட்டில் என்டிஎல்எம் (கெர்பரோஸுக்கு முந்தைய பழைய முறை) லாகினும் தோற்றுப்போகும். 2016 ஃபங்ஷனல் லெவலில்தான் அதற்கு விலக்குக் கொடுக்கும் வசதி வந்தது.

சரி, யார் மேல் இருக்கிறது? பாலிசி ஓர் அக்கவுண்ட்டைச் சென்றடைய இரண்டு பாதைகள். நேரடியாகப் பொருத்தலாம், அல்லது சைலோ வழியாக வரலாம். நேரடிப் பொருத்தத்தை எடுக்க:

கெட்-ஏடிஆப்ஜெக்ட் -எல்டாப்ஃபில்டர் '(எம்எஸ்டிஎஸ்-அசைன்ட்ஆத்என்பாலிசி=*)' -ப்ராப்பர்ட்டீஸ் எம்எஸ்டிஎஸ்-அசைன்ட்ஆத்என்பாலிசி

கெட்-ஏடியூசரை விட கெட்-ஏடிஆப்ஜெக்ட் இங்கே நல்லது. யூசர், கம்ப்யூட்டர், சர்வீஸ் அக்கவுண்ட் மூன்றும் ஒரே வீச்சில் கிடைக்கும்.

சைலோ பக்கம் கெட்-ஏடிஆதென்டிகேஷன்பாலிசிசைலோ -ஃபில்டர் *. இதில் யூசர், கம்ப்யூட்டர், சர்வீஸ் என்று மூன்று வகைக்கும் தனித்தனிப் பாலிசி இருக்கலாம், மூன்றுக்கும் ஒன்றாகவும் இருக்கலாம். சைலோவுக்குத் தனியாக ஒரு என்ஃபோர்ஸ் உண்டு. பாலிசியின் என்ஃபோர்ஸ் ட்ரூ என்று பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். சைலோவில் இருக்கும் அக்கவுண்ட்டுக்கு சைலோவின் பாலிசிதான் முன்னுரிமை பெறும், நேரடியாகப் பொருத்தியது பின்னுக்குப் போய்விடும்.

சைலோ உறுப்பினர் என்பது இரண்டு கைகளும் சேர்ந்தால்தான் ஓசை என்ற கதை. கிராண்ட்-ஏடிஆதென்டிகேஷன்பாலிசிசைலோஆக்சஸ் ஓட்டும்போது சைலோவின் மெம்பர்ஸ் பட்டியலில் அக்கவுண்ட் சேரும். செட்-ஏடிஅக்கவுண்ட்ஆதென்டிகேஷன்பாலிசிசைலோ ஓட்டும்போது அக்கவுண்ட்டில் சைலோவின் பெயர் எழுதப்படும். ஒன்றை மட்டும் செய்தால் அக்கவுண்ட் சைலோவில் இல்லை என்றே கணக்கு. கன்சோலில் பார்க்கும்போது பாதி தெரிவதால் 'சேர்த்துவிட்டோமே' என்று தோன்றும். விட்டுப்போன டொமைனை ஆய்வு செய்யும்போது முதலில் தேட வேண்டியது இந்த ஒற்றைக்கை அக்கவுண்ட்டுகளைத்தான்:

$சைலோ = கெட்-ஏடிஆதென்டிகேஷன்பாலிசிசைலோ -ஐடென்டிட்டி 'டி0-சைலோ'
$அனுமதி = @($சைலோ.மெம்பர்ஸ்)
$பொருத்தம் = @((கெட்-ஏடிஆப்ஜெக்ட் -எல்டாப்ஃபில்டர் "(எம்எஸ்டிஎஸ்-அசைன்ட்ஆத்என்பாலிசிசைலோ=$($சைலோ.டிஸ்டிங்விஷ்ட்நேம்))").டிஸ்டிங்விஷ்ட்நேம்)
கம்பேர்-ஆப்ஜெக்ட் $அனுமதி $பொருத்தம்

இங்கே இரட்டை மேற்கோள் வேண்டும், ஏனென்றால் உள்ளே வேரியபிள் விரிய வேண்டும். @ போட்ட அடைப்புக்குறியையும் விட்டுவிடாதீர்கள். ஒரு பக்கம் காலியாக இருந்தால் கம்பேர்-ஆப்ஜெக்ட் நல் என்று சொல்லி விழுந்துவிடும். முடிவில் அம்பு இடப்பக்கம் காட்டினால் அனுமதி மட்டும் இருக்கிறது, வலப்பக்கம் காட்டினால் பொருத்தம் மட்டும் இருக்கிறது. எதுவும் வராவிட்டால் இரண்டும் ஒத்துப்போகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட டொமைன் இருந்தால் மூன்றாவது வரியை (கெட்-ஏடிஃபாரஸ்ட்).டொமைன்ஸ் மேல் லூப் போட்டு, ஒவ்வொன்றையும் -சர்வருக்குக் கொடுத்து ஓட்டுங்கள். இல்லையென்றால் வேறு டொமைனின் அட்மின்கள் எல்லோரும் ஒற்றைக்கையாகத் தெரிவார்கள்.

எக்ஸ்போர்ட்-சிஎஸ்வி போடும்போது மெம்பர்ஸ் நெடுவரிசையில் ஆட்களுக்குப் பதிலாக 'ஏடிப்ராப்பர்ட்டிவேல்யூகலெக்‌ஷன்' என்ற வகைப்பெயர் வந்து உட்காரும். செலக்ட்-ஆப்ஜெக்ட்டில் கணக்கிட்ட நெடுவரிசை ஒன்றை வைத்து, -ஜாயின் ';' கொண்டு ஒட்டிக்கொள்ளுங்கள்.

என்ஃபோர்ஸ் ஃபால்ஸ் என்று வந்த பாலிசிகள் ஆடிட் நிலையில் இருக்கின்றன. தடுக்காது, பதிவு மட்டும் செய்யும். அதை ட்ரூ ஆக்குவதற்கு முன் கன்ட்ரோலரின் ஈவென்ட் வியூவரில் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஆதென்டிகேஷன் என்று போய் 'ஆதென்டிகேஷன்பாலிசிஃபெயிலியர்ஸ்-டொமைன்கன்ட்ரோலர்' லாகைத் திறங்கள். அது டிஃபால்ட்டாக அணைந்திருக்கும். ரைட் கிளிக் செய்து எனேபிள் லாக் கொடுக்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு கன்ட்ரோலரிலும். 305 என்றால் அந்த மெஷினிலிருந்து வந்த லாகின் பின்னால் தடுக்கப்படும், 306 என்றால் அந்தச் சர்வீஸுக்கான டிக்கெட் தடுக்கப்படும். என்ஃபோர்ஸ் ஆன பிறகு அவையே 105, 106 என்று வரும். என்டிஎல்எம் தோல்விக்கு 101. லாகை இயக்காமலே 'ஒரு மாதமாக ஒரு ஈவென்ட்டும் இல்லை' என்று என்ஃபோர்ஸ் செய்வதுதான் அட்மின்களே வெளியே பூட்டப்படுவதற்கு நேர்வழி.

டிக்கெட் ஆயுள் உண்மையில் பிடித்திருக்கிறதா என்று பார்க்க, அந்த அக்கவுண்ட்டில் லாக்ஆஃப் ஆகி மறுபடி லாகின் செய்து கேலிஸ்ட் டிஜிடி ஓட்டுங்கள். ஸ்டார்ட்டைமுக்கும் எண்ட்டைமுக்கும் இடையே பாலிசியில் கண்ட நிமிடங்கள் இருக்க வேண்டும். 600 நிமிடம் காட்டினால் பாலிசி அந்த அக்கவுண்ட்டைத் தொடவில்லை, கம்பேர்-ஆப்ஜெக்ட் முடிவுக்குத் திரும்பிப் போங்கள்.