ஒரு மாவுக்கு நாலு கிலோ

கேள்வி: திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு விவசாயிகள் குழுவின் இணையதளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். விதை நெல், உரம், கொள்முதல் என்று எல்லாமே தமிழில்தான் போடுகிறேன். ஆனாலும் லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பிய பத்தாவது நிமிடம் "என்னம்மா போட்டிருக்கே, கொஞ்சம் வாயால சொல்லு" என்று போன் வந்துவிடுகிறது. கண் தெரியாத உறுப்பினர் ஒருவர் போனை வாசிக்கவிட்டுக் கேட்பவர். அவருக்குப் பாதிப் பக்கம் கேட்கவே இல்லையாம். பேசாமல் பேச்சு வழக்கிலேயே எழுதிவிடலாமா அக்கா?

எழுதிய தங்கை பெயர் வேண்டாம் என்றிருக்கிறார். கூடவே ஒரு பத்தியும் அனுப்பியிருந்தார், அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

"நீண்டகால சம்பா இரகங்களுக்கு விதையளவு ஹெக்டேர் ஒன்றுக்கு 30 கி.கி. எனப் பரிந்துரைக்கப்பட்டுள்ள நிலையில், கிலோ ஒன்றுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கொண்டு விதைநேர்த்தி செய்யப்பட்ட பின்னரே விதைக்கப்பட வேண்டும் என்பதைக் கருத்தில் கொண்டு, விதை தேவைப்படும் உறுப்பினர்கள் உரிய ஆவணங்களுடன் அலுவலகத்தை அணுகுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

(சூடோமோனாஸ் என்பது நோய் வராமல் தடுக்க விதையோடு கலக்கும் நுண்ணுயிர் மருந்து.) இதில் தப்பான தகவல் ஒன்றுகூட இல்லை. ஆனால் மொத்தமும் ஒரே வாக்கியம். தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வரும், அதனால் வாக்கியம் நீள நீள, வாசிப்பவர் எல்லாச் சுமையையும் தலையில் வைத்துக்கொண்டு கடைசி வரைக்கும் நடந்தாக வேண்டும். விதை வந்திருக்கிறதா இல்லையா என்ற அந்த ஒரே செய்திக்காகத்தான் அவர் பக்கத்தைத் திறந்தார், அது அங்கே எழுதப்படவே இல்லை! அப்புறம் "உரிய ஆவணங்கள்" என்றால் எவை, அலுவலகம் எத்தனை மணிக்குத் திறக்கும், இதற்கெல்லாம்தான் உங்களுக்குப் போன் வருகிறது.

ஹெக்டேர் இன்னொரு வம்பு. பல்கலைக்கழகப் பரிந்துரை ஹெக்டேரில்தான் வரும், அது அவர்கள் கணக்கு. நம் டெல்டாவில் நிலத்தை மா, வேலி என்று பேசுகிறோம். 100 குழி ஒரு மா, அது ஏறத்தாழ 33 சென்ட், மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. ஹெக்டேருக்கு 30 கிலோ என்பதை 2.47 ஏக்கரால் வகுத்தால் ஏக்கருக்கு 12 கிலோ, அதை மூன்றாகப் பிரித்தால் மாவுக்கு 4 கிலோ. இந்த வகுத்தலை வயலில் நிற்கிறவர் தலையில் கட்டாமல் நீங்களே செய்து கொடுத்துவிடுங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"சி.ஆர். 1009 (பொன்மணி) விதை நெல் வந்துவிட்டது. ஒரு மா நிலத்துக்கு 4 கிலோ போதும், ஏக்கருக்கு 12 கிலோ. ஆதார் நகலும் சிட்டாவும் எடுத்துக்கொண்டு காலை 9 மணியிலிருந்து 1 மணிக்குள் நம் அலுவலகத்துக்கு வாருங்கள். விதைக்கும் முன் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதைநேர்த்தி செய்யுங்கள். எப்படிச் செய்வது என்று கீழே எழுதியிருக்கிறோம்."

நேரமும் ஆவணமும் நானாகப் போட்டவை, உங்களுடையதை மாற்றிக்கொள்ளுங்கள். "மாவுக்கு 4 கிலோ" என்று முதலில் எழுதிவிட்டு, காதால் மட்டும் கேட்பவருக்கு இட்லி மாவு ஞாபகம் வருமே என்று "ஒரு மா நிலத்துக்கு" என மாற்றினேன். சி.ஆர். 1009 என்று ஒருவர் கேட்பார், பொன்மணி என்று இன்னொருவர், சாவித்திரி என்று மூன்றாமவர், மூன்றும் ஒரே நெல்தான். கூகுளில் மைக்கை அழுத்தித் தேடுகிறவர் வாயில் எந்தப் பெயர் வருமோ தெரியாது, அதனால் மூன்றையும் பக்கத்தில் எங்காவது வைத்துவிடுங்கள்.

சரி, பேச்சு வழக்கு. வேண்டாம் என்பேன். ஒருவர் பேசுகிற மாதிரி இன்னொருவர் பேசுவதில்லை, எழுத்துக்கூட்டலும் ஆளுக்கு ஒன்று. "எடுத்துட்டு வந்துருங்க" என்பதை வாசிக்கும் செயலி ஒரு மாதிரியாக உச்சரிக்கும், தேடலிலும் சரியாகச் சிக்காது. இலக்கணம் எழுத்துத் தமிழாகவே இருக்கட்டும், வாக்கியத்தை மட்டும் பேசும்போது மூச்சு விடுகிற இடத்தில் நிறுத்துங்கள். "கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" போய் "வாருங்கள்" வந்தாலே பாதி வேலை முடிந்தது.

சொற்களில் ஒரு எச்சரிக்கை, நான் பட்டுத் தெரிந்துகொண்டது. சில வருடங்களுக்கு முன் ஓர் அமைப்புக்காகப் பயிர்க் காப்பீடு பற்றி ஒரு பக்கம் எழுதினேன். எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் கிராமக் கணக்குதான் "அடங்கல்". அது கடினமான சொல் என்று நானே முடிவு செய்து "சாகுபடிப் பதிவுச் சான்று" என்று எளிமைப்படுத்தினேன். "இது என்ன புதுச் சான்று, எங்கே வாங்குறது?" என்று ஒரு வாரம் போன் ஓயவில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் வருடா வருடம் அடங்கல் வாங்குகிறவருக்கு அடங்கல்தான் எளிய சொல். நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டாவும், நெல்லின் ஈரப்பதமும் அப்படியே. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் என்று நெல்லைத் திருப்பி அனுப்பிய அனுபவம் இருப்பவரிடம் போய் ஈரப்பதத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். மாறாக "மகசூல்" என்பதைக் "கண்டுமுதல்" என்று மாற்றினால் நம் ஆட்களுக்கு உடனே புரியும். "இடுபொருட்கள்" என்று மொத்தமாகச் சொல்லாமல் விதை, உரம், மருந்து என்று பிரித்துச் சொல்லுங்கள்.

ஊர்ச் சொல் என்பதாலேயே தெளிவாக இருந்துவிடாது, அதையும் கவனியுங்கள். "மூட்டை" என்று எழுதினால் கிலோவையும் சொல்ல வேண்டும். கொள்முதல் நிலையத்துச் சிப்பம் 40 கிலோ, வியாபாரி பிடிக்கும் மூட்டை 60, 62 கிலோ என்று இருக்கும். தேதியையும் 05/08 என்று போடாமல் ஆகஸ்ட் 5 என்று மாதப் பெயரோடு, கிழமையும் சேர்த்து எழுதுங்கள்.

இனி அந்தக் கண் தெரியாத பெரியவர் விஷயம். உங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்தேன், பாதித் தகவல் நோட்டீஸ் படங்களாக இருக்கிறது. அச்சகத்தில் செய்து வாங்கிய படத்தை அப்படியே ஏற்றியிருக்கிறீர்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தை, ஆண்ட்ராய்டு போனில் திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக் போன்ற செயலிகள் பெரும்பாலும் வாசிப்பதில்லை, அவருக்கு அந்த இடம் வெறும் "படம்" என்று கடந்துபோகும். படம் இருக்கட்டும், அதில் உள்ளதையே கீழே எழுத்தாகவும் அடியுங்கள். இரண்டு பி.டி.எஃப். கோப்புகள் பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் செய்தவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள், செயலி அவற்றைத்தான் உளறும். யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன, மாற்றிய பிறகு ஒருமுறை மெய்ப்புப் பாருங்கள். தளத்தின் அமைப்பில் மொழி ஆங்கிலம் என்றே விட்டிருக்கிறீர்கள், தமிழ் என்று மாற்றுங்கள், அதை வைத்துத்தான் செயலி எந்தக் குரலில் வாசிப்பது என்று முடிவு செய்கிறது. "இங்கே சொடுக்கவும்" என்று ஏழு லிங்க் இருக்கிறது. லிங்க்குகளை மட்டும் வரிசையாகக் கேட்டுக்கொண்டு போகிறவருக்கு ஏழு முறை "இங்கே சொடுக்கவும்" என்று கேட்டால் எதைச் சொடுக்குவார்? "உர விலைப் பட்டியல்", "காப்பீட்டுப் படிவம்" என்று பெயரையே லிங்க் ஆக்குங்கள்.

போடுவதற்கு முன் பக்கத்தை வீட்டிலோ டீக்கடையிலோ யாரிடமாவது காட்டுங்கள். "புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள், மரியாதைக்காக எல்லோரும் புரிந்தது என்பார்கள். "இப்போ நீங்க என்ன செய்வீங்க பெரியப்பா?" என்று கேளுங்கள். அவர் சொல்வதும் நீங்கள் நினைத்ததும் எங்கே விலகுகிறதோ அந்த வரியைத் திருத்துங்கள். அப்புறம் உங்கள் போனிலும் டாக்பேக்கைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு முழுப் பக்கத்தையும் ஒருமுறை கேளுங்கள். அதை எப்படி அணைப்பது என்று முதலில் தெரிந்துகொண்டு போடுங்கள். போட்டதும் ஒருமுறை தட்டினால் வாசிக்க மட்டும் செய்யும், திறக்க இருமுறை தட்ட வேண்டும். இது தெரியாமல் நான் அரை மணி நேரம் போனோடு மல்லுக்கட்டினேன்.