வூவெய் என்றால் சும்மா உட்கார்ந்திருப்பதா? அப்படி இருந்தால் எப்படி முன்னேறுவது?

கேள்வியின் இரண்டாம் பாதியைப் பார்த்தால், வீட்டில் தினமும் திட்டு வாங்குகிறவர் போலத் தெரிகிறது. நானும் வாங்கியவன்தான்.

தாவோயிசம் என்ற பழைய சீனத் தத்துவத்தில் வருகிற சொல் வூவெய். 'வூ' என்றால் இல்லை, 'வெய்' என்றால் செய்தல். 'செய்யாமை' என்று அப்படியே பெயர்த்துவிட்டு, சோம்பேறிகளுக்கான தத்துவம் என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். எனக்குச் சீனமொழி தெரியாது, மொழிபெயர்ப்பில் படித்தவன். பண்டிதர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

தாவோயிசத்தின் பழைய நூல்களில் ஒன்றான சுவாங்சியின் மூன்றாம் அத்தியாயத்தில் திங் என்ற சமையற்காரர், வென்ஹுய் அரசர் முன்னால் மாட்டை அறுத்துப் பிரிக்கிறார். சாதாரண ஆள் எலும்பில் போட்டு மாதம் ஒரு கத்தியைக் கெடுப்பான். கொஞ்சம் தேறியவன் வருஷத்துக்கு ஒன்று. திங்கின் கத்திக்கு வயது 19. ஆயிரக்கணக்கான மாடுகளைப் பார்த்தும் இப்போதுதான் சாணை பிடித்த மாதிரி இருக்கிறது. மூட்டுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது, கத்தி முனையோ மெல்லிசு, அது பாட்டுக்குப் போகிறது என்கிறார்.

இதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. எங்க அப்பா கறிக்கடைக்காரர். பிளஸ் டூ லீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் நெருக்க, ஆட்டுத் தொடையைப் பிரிக்க ஓங்கி ஒரு போடு போட்டேன். கத்தி வாய் பெயர்ந்துவிட்டது. அப்பா திட்டவில்லை. என் விரலைப் பிடித்து மூட்டில் வைத்து அழுத்தினார். "இங்க பாருடா, வழி அதுவே விட்டிருக்கு."

எல்லோரும் விட்டுவிடும் இடம் ஒன்று உண்டு. சிக்கலான கணு வந்தால் திங்கும் தயங்குகிறார். கண்ணை அங்கேயே நிறுத்தி, கத்தியை மெல்ல மெல்ல நகர்த்துகிறார். அப்பாவும் அப்படித்தான், முதுகெலும்புப் பக்கம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். இதைச் சும்மா இருப்பது என்று யார் சொல்வது? முட்டி மோதாமல் இருப்பது, அவ்வளவுதான். அதற்கே பல வருஷம் பிடிக்கிறது.

உயிர்வதையைப் பற்றிக் கருத்திட வருபவர்களுக்கு: அந்த அத்தியாயமே உயிரைப் பேணுவது பற்றியது. அதைக் கற்றுக்கொண்டதாக அரசர் சொல்வது கறி வெட்டுகிறவரிடம். சென்னையில் வீடு தேடியபோது, "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டுவிட்டு அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் வீட்டுக் கூடத்தில் யோகா வகுப்பு நடத்துகிறவர். சரி, விடுங்கள், கேள்விக்குச் சம்பந்தமில்லை.

படிக்கத் தொடங்குவதானால், தாவோயிசத்தின் இன்னொரு மூலநூலான தாவோ தே சிங்கை முதலில் எடுக்காதீர்கள். 81 அத்தியாயமும் சூத்திரம் மாதிரி இருக்கும். சுவாங்சியில் கதைகள் இருக்கின்றன.