எம்.ஆர்.ஐ.யில் டிஸ்க் பிதுங்கல் தெரிந்த பிறகும் நரம்புப் பரிசோதனை எதற்கு?

படமே தெளிவாக இருக்கும்போது நரம்பை மின்சாரத்தால் தூண்டி, தசைக்குள் ஊசி வேறு குத்த வேண்டுமா என்ற எரிச்சலில்தான் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்; எனக்கும் அதே எரிச்சல் இருந்தது. நான் மருத்துவர் அல்லன், என் காலுக்கு நேர்ந்ததை மட்டுமே சொல்கிறேன்.

வலது கால் கட்டைவிரலைத் தூக்க முடியாமல், நடக்கையில் செருப்பு தானாகக் கழன்றது. எம்.ஆர்.ஐ.யில், இடுப்புப் பகுதியின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கியிருந்தது. ஆனால் முதுகுவலியே இல்லாத 98 பேரைப் படமெடுத்து 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், பாதிப் பேருக்கு டிஸ்க் புடைத்திருந்தது. எனவே முதுகுத்தண்டிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பின் தொடக்கமான வேரை (இங்கே எல்5) அழுத்தும் என் டிஸ்க்தான் குற்றவாளியா, முழங்காலுக்கு வெளிப்புறத்தில் நரம்பு நசுங்கியதா என்று மருத்துவர் சந்தேகித்தார். இரண்டிலுமே பாதம் தொய்யும்.

ஐந்தாம் நாள் எடுத்த முதல் சோதனை ‘நார்மல்’ என்றது. கால் தசையில் ஊசிக்குப் பிடிபடும் மாற்றம் தோன்ற ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும் என்று எவரும் சொல்லவில்லை. அந்த ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, விடுப்புக்காக நடிக்கிறேன் என்று அலுவலகத்தில் பேசினார்கள்.

நான்காம் வாரம் மறுபடி சோதனைக்குப் படுத்தேன். பாதத்தின் மேற்புறம் மரத்திருந்தும் அங்குள்ள உணர்வு நரம்பு மின்தூண்டலுக்கு முழுமையாகப் பதிலளித்தது எனக்கு விந்தையாக இருந்தது. உணர்வு நரம்புச் செல்களின் முடிச்சு, டிஸ்க் அழுத்தும் இடத்துக்கு வெளியே இருப்பதால், வேர் நசுங்கினாலும் கீழே செல்லும் இழை கெடுவதில்லை என்று மருத்துவர் விளக்கினார். முழங்காலில் நசுங்கியிருந்தால் அந்தப் பதில் பெரும்பாலும் குறைந்திருக்குமாம். எல்5-க்கு அடுத்த வேரான எஸ்1-ஐச் சோதிக்கும் எச்-ரிஃப்ளெக்ஸ் என்ற மின்தூண்டல் சோதனை இரு காலிலும் ஒன்றுபோல் இருந்ததால், அந்த வேரில் கோளாறு தெரியவில்லை. பிறகு, பாதத்தை உட்புறம் திருப்பும் ஆழமான தசைக்குள் ஊசி இறங்கியது. முழங்காலின் வெளிப்புறத்தில் நசுங்கும் நரம்பு அத்தசைக்குப் போவதில்லை, எல்5 வேரோ போகிறது. காலை அசைக்காமல் கிடந்தபோதே ஒலிபெருக்கியில் தகரக் கூரைமேல் தூறல் விழுவது போன்ற சடசடப்பு கேட்டது; நரம்புத் தொடர்பு இழந்த தசை தானாக எழுப்பும் சத்தம் அது. முழங்கால் நரம்போடு தொடர்பே இல்லாத முதுகுத் தசையிலும் அதே சத்தம்தான். வேர்தான் என்று அங்கேயே முடிவாயிற்று.

எல்லோருக்கும் இது தேவை என்று நான் வாதாடவில்லை. பலவீனமின்றி வலி மட்டும் இருப்பவருக்கு வேர் பாதிக்கப்பட்டிருந்தாலும் சோதனை நார்மலாக வரக்கூடும். சிறுநீர் அடைத்தாலோ, தொடைகளுக்கு இடையே மரத்தாலோ எந்தச் சோதனைக்கும் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். மற்றபடி, சோதனைக்குப் போகும்போது பலவீனம் தொடங்கிய தேதியை மருத்துவர் தரும் சோதனைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

இரண்டாம் அறிக்கையை அலுவலகத்தில் கொடுத்ததும் விடுப்பு பதிவானது. நடிப்பு என்று சொன்னவர்கள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.