107வது ரெஜிமென்ட் இருந்ததா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நெப்போலியன் காலத்து பிரிட்டிஷ் காலாட்படை வீரர்கள் முப்பத்தாறு பேர் என்னிடம் இருக்கிறார்கள். 28 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் பொம்மைகள். எல்லோரும் தீட்டிய ரெஜிமென்ட்டையே நானும் தீட்ட மனம் வரவில்லை. நானே ஒரு படையைக் கற்பனை செய்து கதையும் எழுதலாமென்று ஆசை. பொம்மைகளை வைத்துப் பழைய போர்களை என்னோடு விளையாடும் நண்பரோ, "வரலாற்று விளையாட்டில் பொய்ப் படைக்கு என்ன வேலை?" என்கிறார். செய்யலாமா?

பதில்: தாராளமாகச் செய்யுங்கள். 1826இல் பிரான்வெல் பிரான்டே என்ற சிறுவனுக்கு அவன் அப்பா 12 மரச் சிப்பாய்கள் வாங்கி வந்தார். பத்து வயது அக்கா சார்லட் (பின்னாளில் நாவலாசிரியை) ஒன்றைப் பிடுங்கி எடுத்து, இவர்தான் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் என்றாள். தம்பி தன்னுடையதற்கு நெப்போலியன் என்று பெயர் வைத்தான். அந்தச் சிப்பாய்களுக்காக நான்கு பிள்ளைகளும் ஊரும் நாடும் உண்டாக்கி, வருடக்கணக்கில் எழுதித் தள்ளினார்கள். பொம்மை வீரன் கைக்கு வந்தால் 'இவன் யார், எங்கிருந்து வருகிறான்' என்று கேட்கத் தோன்றுவது அவ்வளவு பழைய ஆசை.

ஆனால் உங்கள் நண்பர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. உண்மையான ரெஜிமென்ட் ஒன்றின் எண்ணை எடுத்து, அது போகாத போருக்கு அனுப்பினால் எனக்கும் கோபம் வரும். அந்த எண்ணின் கீழ் நிஜ மனிதர்கள் செத்திருக்கிறார்கள். அதனால் யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில் குடியேறுங்கள். ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் நெப்போலியன் படைகளை எதிர்த்து ஐபீரிய தீபகற்பப் போர் நடந்த காலத்தில் பிரிட்டிஷ் காலாட்படை ரெஜிமென்ட்களின் எண்கள் 104ஐத் தாண்டவில்லை. என்னுடையது 107வது. மஞ்சள் காலர், மஞ்சள் கைப்பட்டை.

அடுத்தது கதை. பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். நான் எனக்கே வைத்துக்கொண்ட சட்டம் இது: கதையில் ஒரு வரி எழுதினால், அது பொம்மையின் உடம்பில் எங்கேயாவது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்த வரியை அடித்துவிடுவேன். 107இன் கதை மூன்றே வரி. 1810 செப்டம்பர் 27 அன்று போர்ச்சுகலின் புசாக்கோ முகட்டில் நின்றார்கள். அதற்குப் பிறகு நெடுநாள் புதுத் துணி வந்து சேரவில்லை. 1813 ஜூன் 21 அன்று ஸ்பெயினின் வித்தோரியாவில், நெப்போலியன் அங்கே அரசனாக்கிய தன் அண்ணன் ஜோசப் போனபார்ட்டின் சாமான் வண்டிகளுக்குப் பக்கத்தில் இருந்தார்கள்.

இனி கத்தியை எடுக்கலாம். புசாக்கோவுக்கு அடையாளமாக ஐந்து பேர் முதுகில் பிரெஞ்சு மூட்டை. பிரிட்டிஷ் சிப்பாய்க்குக் கொடுத்த மூட்டை தோளை அறுக்கும் என்பதால், கிடைத்தபோதெல்லாம் பிரெஞ்சுக்காரனுடையதை மாட்டிக்கொண்டார்கள், இது நிஜம். பிரெஞ்சு வீரர் பெட்டியில் மிஞ்சிய மூட்டைகளை ஒட்டி, ரோமம் வைத்த தோல் போலத் தீட்டினேன். துணிப் பஞ்சத்துக்குக் கால்சட்டை. அந்தப் போரில் கிடைத்த பழுப்புத் துணியில் ஒட்டுப் போட்டும், புதிதாகவே தைத்தும் போட்டுக்கொண்டார்கள். அதனால் என் வரிசையில் சாம்பல் கால்சட்டைக்காரர்கள் பாதிதான். மீதிப் பேர் விதவிதமான பழுப்பு.

வித்தோரியாதான் எனக்குப் பிடித்த இடம். தோற்று ஓடிய அரசனின் சாமான்களில் வெற்றி பெற்ற படை புகுந்து அள்ளியது. 14வது இலகு குதிரைப்படைக்குக் கிடைத்தது அரசனின் வெள்ளி மூத்திரச் சட்டி! என் கார்ப்பரல் ஒருவனுக்கு நான் கொடுத்தது ஒரு மெழுகுவர்த்தித் தண்டு. மெல்லிய பித்தளைக் கம்பியில் மூன்று இடத்தில் புட்டியை (பிசைந்து ஒட்டினால் இறுகும் பசை மாவு) கடுகளவு உருட்டி வைத்து, ஊசி முனையால் வளையம் கீறினேன். மூட்டைக்கும் முதுகுக்கும் நடுவே சொருகியிருக்கிறான்; தலை மட்டும் வெளியே தெரிகிறது. ஒரு பக்கம் துணி சுற்றி மறைத்திருக்கிறான், சார்ஜென்ட் கண்ணில் படாமலிருக்க. அந்தத் துணியைச் செய்யும்போதுதான் அவன் எப்படிப்பட்டவன் என்று எனக்கே தெரிந்தது.

என் முரசுக்காரனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போரின் தொடக்க வருடங்களில் முரசுக்காரர்களின் சட்டை தலைகீழ் நிறத்தில் இருந்தது. மஞ்சள் கைப்பட்டை உள்ள ரெஜிமென்ட்டில் சட்டை மஞ்சள், கைப்பட்டை சிவப்பு. இது தெரியாமல் அவனையும் சிவப்பாகவே தீட்டி முடித்திருந்தேன். பிறகு படித்துவிட்டு, இரண்டு நாள் சும்மா விட்டுப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. வண்ணத்தை முழுக்கக் கழுவி மறுபடி தீட்டினேன். படைதான் கற்பனை, சட்டைக்கு அந்தச் சலுகை கிடையாது.

கடைசியாக, படை நிற்கும் அடித்தட்டின் கீழே 'கற்பனை' என்று எழுதி வையுங்கள். நாளைக்கு அது வேறு ஒருவர் கைக்குப் போகும். அவர் ஏமாறக் கூடாது.

கேள்வி: உலோக வீரனின் தலையை வெட்டி வேறு தலை ஒட்டினேன். சூப்பர் க்ளூதான். மூன்றாவது ஆட்டத்தில் தலை உருண்டுவிட்டது. ஏன்?

பதில்: அந்தப் பசை இழுத்தால் தாங்கும், பக்கவாட்டில் தட்டினால் விட்டுவிடும். உள்ளே கம்பி வேண்டும். காலருக்கு மேலே வெட்டுங்கள். கை டிரிலால் கழுத்தில் சின்னத் துளை போடுங்கள். தலையில் துளை எங்கே வரவேண்டும் என்பதில்தான் எல்லோரும் தவறுவார்கள். கழுத்துத் துளையின் வாயில் ஒரு பொட்டு வண்ணம் வைத்து, காய்வதற்குள் தலையை அதன்மேல் அழுத்தி எடுங்கள். பொட்டு விழுந்த இடத்தில் துளையுங்கள். பேப்பர் கிளிப் கம்பி ஒரு துண்டு, பிறகு பசை. இடைவெளி தெரிந்தால் புட்டியால் கழுத்துத் துணி கட்டிவிடுங்கள். கருவியை ஈரமாக்கிக்கொண்டால் புட்டி ஒட்டாது. பழைய பொம்மைகளில் ஈயம் இருக்கும். அரம் போட்ட பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் தொடாதீர்கள்.

கேள்வி: சிவப்புச் சட்டை எவ்வளவு முயன்றாலும் புத்தம் புதிதாக, பிளாஸ்டிக்காகவே தெரிகிறது.

பதில்: டப்பாவில் உள்ள சிவப்பை அப்படியே பூசுகிறீர்கள் என்று நினைக்கிறேன். சாதாரணச் சிப்பாயின் சட்டைக்கு மஞ்சிட்டி வேர்ச் சாயம். வெயிலிலும் மழையிலும் செங்கல் நிறத்துக்குப் போய்விடும். அதிகாரிகளின் சட்டைக்குத்தான் பளிச்சென்ற கொச்சினீல் பூச்சிச் சாயம். அடர் பழுப்பில் தொடங்குங்கள். அதன்மேல் கொஞ்சம் பழுப்புக் கலந்த சிவப்பு, மடிப்புகளின் பள்ளத்தில் பழுப்பை விட்டுவிட்டு. மேட்டில் வெளிச்சம் காட்ட வெள்ளையைக் கலக்காதீர்கள், ரோஜா நிறமாகிவிடும். ஆரஞ்சு ஒரு துளி போதும். தோள்களை இன்னும் கொஞ்சம் வெளிறவிடுங்கள், வெயில் அங்கேதான் அதிகம் விழும். அதிகாரி ஒருவனை மட்டும் சுத்தச் சிவப்பில் தீட்டி அந்த வரிசையில் நிறுத்திப் பாருங்கள்.